இரண்டடி

மூன்றாவது முறையும் அதே கேள்வி:
"மாசு அகற்றிய பின் இந்த நிலம் என்னவாகும்?
இருநூறு சொற்களுக்கு மிகாமல்."
நான் கெல்லர்ஸ் ஃபோர்டின் நகராட்சி எழுத்தர்.
ஆயிரத்து நானூறு பேர், இரண்டு சிக்னல்,
நடுவே பதினொரு ஏக்கர் ஈயம்.

பேட்டரி ஆலையை மூடியவர்கள்
கதவைப் பூட்டிச் சாவியை எங்களுக்கே அனுப்பினார்கள்.
கம்பெனியின் இன்றைய முகவரி
வேறு மாநிலத்தில் ஒரு தபால் பெட்டி.
எங்கள் கடிதங்கள் திரும்பி வரும்
பிரிக்கப்படாமல், மடிப்புக் கலையாமல்.

முதல் முறை இரண்டு மதிப்பெண்ணில் தோற்றோம்.
"தேவை போதிய அளவு நிறுவப்படவில்லை."
இரண்டாம் முறை தலைநகரிலிருந்து ஒருவர் வந்தார்.
கிடைக்குமா என்றதற்குப் பதில் சொன்னார்
ஈயம் பூசின மாதிரியும் பூசாத மாதிரியும்.
இந்த ஊரில் பூசாத இடம் எது என்று
நான் கேட்டிருக்க வேண்டும்.
காபி ஊற்றினேன்.

மண் எடுக்க வந்த பையன் எமெரிக்
துளையிட்டு உருவிய உருளைகளை
மேசைமேல் வரிசையாகக் கிடத்தினான்.
எனக்கு எல்லாம் ஒரே பழுப்பு.
பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்றேன்.
"அதுதான் தொந்தரவு" என்றான்.

ஊரின் பங்கு இருபது சதவீதம்.
கையிருப்பில் இருந்தது
ஒரு குளிர்காலத்துக்கான சாலை உப்பு.
மேயர் ஹ்ராப்சாக் சொன்னார்:
"உழைப்பையும் பணமாகக் காட்டலாம், நாடீன்.
மணிக்கு இவ்வளவு என்று விதியிலேயே இருக்கிறது."
வேலி நட்டது எண்பது மணி நேரம்.
நாற்காலி விரித்தது, மடக்கியது,
தேவாலயத்து நிலவறையில்
வரைபடத்தின்மேல் பொட்டு ஒட்டியது
(பூங்காவுக்குப் பச்சை, வேலைக்கு நீலம்.
நீலம் ஜெயித்தது, வெகு சுலபமாக).

என் தங்கை இவெட் தன் மகனை
ரத்தப் பரிசோதனைக்கு ஓட்டிப்போனது:
போக நாற்பது மைல், வர நாற்பது,
மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு வருடம்.
கூட்டிப் பார்த்தேன்.
அதற்குக் கட்டம் இல்லை.
பென்சிலால் எழுதி, அழித்து,
அழித்த இடம் தெரிகிற மாதிரியே
அனுப்பி வைத்தேன்.

பணம் வந்தது.
அதற்கும் ஓர் ஆழம் இருந்தது.
இரண்டடி தோண்டினார்கள்,
லாரி லாரியாகத் தார்ப்பாய் போர்த்தி
வேறொரு மாவட்டத்தின் குழிக்குக் கொண்டுபோனார்கள்
(அங்கேயும் ஓர் எழுத்தர் இருப்பாள்).
பிறகு ஆரஞ்சு நிற வலைத்துணி,
பதினொரு ஏக்கருக்கும்.
அதன்மேல் நல்ல மண்.

துணி எதற்கு?
"என்றைக்காவது யாராவது தோண்டினால்
இதற்குக் கீழே நாங்கள் போகவில்லை என்று
தெரிய வேண்டாமா?" என்றார் ஒப்பந்தக்காரர்.
விஷம் தீர்ந்த இடமல்ல அது.
பணம் தீர்ந்த இடம்.

பத்திரத்தை நானே தட்டச்சு செய்தேன்.
கிணறு கூடாது. காய்கறி கூடாது.
குழந்தைகள் காப்பகம் கூடாது.
இந்நிபந்தனைகள் எந்நாளும் நிலத்தோடு செல்லும்.
எந்நாளும் என்று அடிக்க
விரலுக்கு ஒரு சிரமமும் இல்லை.

இப்போது அங்கே குளிர்பதனக் கிடங்கு.
அறுபத்து மூன்று பேருக்குச் சம்பளம்.
இவெட்டின் மகன் இரவுப் பணியில்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.
பெட்டி எண்களை மூன்று முறை படிப்பான்,
மாறிவிடாமல் இருக்க.

வருடம் ஒருமுறை சுற்றிப் பார்த்துப்
படிவம் நிரப்ப வேண்டும். அதுவும் நான்தான்.
இந்த ஏப்ரலில், கிடங்கின் பின்புறம்,
கிரவுண்ட்ஹாக் ஒன்று வளை பறித்திருந்தது,
பெருச்சாளிக்குப் பெரியப்பன் மாதிரி ஒரு பிராணி,
பத்திரம் படிக்காதது.
வளையின் வாயில், ஈரமண்ணோடு,
ஆரஞ்சு நூல் நாலைந்து இழை.

முட்டி போட்டு எட்டிப் பார்த்தேன்.
உள்ளே எதுவோ நகர்ந்தது,
குட்டிகளாக இருக்கலாம்.

கேள்வி ஆறு:
மேல்மண் கலைந்துள்ளதா?
ஆம்.
சீர்செய்யும் செலவு, உத்தேசமாக:

பென்சிலைச் சீவிக்கொண்டேன்.